வேகமாக ஓடுகிற கதை குற்றமல்ல: இளையோர் மிகுபுனைவைத் தெரிவு செய்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

யாழ்ப்பாணத்தில் பாடசாலை நூலகங்களுக்கு நூல் வாங்கும் பொறுப்பாசிரியர்கள், இளையோர் நாவல் போட்டிகளின் நடுவர்கள், கையெழுத்துப் படியை அச்சுக்கு அனுப்புவதா திருப்பி அனுப்புவதா என்று முடிவெடுக்கும் பதிப்பாளர்கள் ஆகிய மூன்று தரப்பாருக்கும் இதை எழுதுகிறோம். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுவரையான பிள்ளைகளுக்கென்று, மாயம் கலந்த மிகுபுனைவு நாவல்கள் எழுதப்படுகின்றன. பல சமூகத்துப் பிள்ளைகள் கூடி ஓடி, மாயத்தோடு மோதி, கடைசிப் பக்கம்வரை மூச்சு வாங்கவிடாத கதைகள். இவற்றை எப்படி எடைபோடுவது என்பதுதான் எங்கள் விடயம்.

இத்தகைய நாவல்களுக்கு வழமையாக இரண்டு தீர்ப்புகள் கிடைக்கின்றன. ஒன்று, "வெறும் கதைதான் ஓடுது, கருத்து ஒன்றும் இல்லை." மற்றது, "எல்லாச் சமூகத்தையும் சேர்த்திருக்கினம், நல்ல முயற்சி." முதலாவது தீர்ப்பு நல்ல நாவலை வெளியே தள்ளுகிறது. இரண்டாவது நோஞ்சான் நாவலை உள்ளே எடுக்கிறது. கதைப்பின்னலைப் பிரித்துப் பார்த்தவர் இந்த இரண்டில் எதையும் சொல்லமாட்டார்.

மாயமும் விறுவிறுப்பும் வெளியிலிருந்து வந்த பழக்கம் என்று நினைப்பவர்கள் மணிமேகலையை ஒருமுறை கதைக்காக மட்டும் வாசித்துப் பார்க்கலாம். நாயகி ஓர் இளம்பெண். நயினாதீவுதான் என்று பலர் சொல்லும் மணிபல்லவத்தில் அவளுக்கு மூன்று மந்திரங்கள் கிடைக்கின்றன: வேற்றுரு எடுக்க, வான்வழி செல்ல, பசியைத் தாங்க. அமுதசுரபி என்ற பிச்சைப் பாத்திரம் கோமுகிப் பொய்கையில் குறித்த ஒரு முழுநிலவு நாளில் மட்டுமே வெளிப்படும். கையில் கிடைத்த பிறகும், முதற்பிச்சை ஆதிரை என்ற பெண்ணின் கையால் விழுந்த பின்புதான் அள்ள அள்ளக் குறையாமல் சுரக்கத் தொடங்குகிறது. அதாவது மாயத்துக்கு நாள் உண்டு, இடம் உண்டு, நிபந்தனை உண்டு. பிறகு நடப்பதுதான் பாடம். தன்னை விரும்பித் தொடரும் இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்ப அவள் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவை எடுக்கிறாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் அவளைத் தன் மனைவி என்றே நம்பி, அவளை நெருங்கும் உதயகுமரனை வாளால் வெட்டிவிடுகிறான். அவள் சிறைக்குப் போகிறாள். தப்புவதற்குப் பயன்படுத்திய மந்திரமே கொலைக்கும் சிறைக்கும் காரணமாகிறது. மணிமேகலையை எழுதிய சாத்தனாரிடம் கருத்துக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் கருத்தைத் தாங்கி நிற்பது இந்தப் பின்னல்தான்.

ஆகவே முதலில் பின்னலைச் சோதியுங்கள். இதற்கு ஒரு தாளும் அரை மணித்தியாலமும் போதும். நாவலை வாசித்து முடித்ததும், அத்தியாயத்துக்கு ஒரு வரி என்று சுருக்கம் எழுதுங்கள். முப்பது அத்தியாயம் என்றால் முப்பது வரி. ஒவ்வொரு இரண்டு வரிக்கும் நடுவே "அதனால்" அல்லது "ஆனால்" பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாமல் "பிறகு" மட்டும்தான் பொருந்துகிறதென்றால் அதை வட்டமிடுங்கள். ஒன்றிரண்டு "பிறகு" எந்த நல்ல கதையிலும் இருக்கும். தொடர்ந்து மூன்று வந்தால் அங்கேதான் பிள்ளை புத்தகத்தை மூடிவைக்கும். பெரும்பாலும் இது நாவலின் நடுப்பகுதியில் நேரும்: பயணம் தொடங்கிவிட்டது, எதிரியைச் சந்திக்க இன்னும் நூறு பக்கம் கிடக்கிறது, ஆகவே ஒரு ஊர், ஒரு பூதம், ஒரு வெற்றி, அடுத்த ஊர், அடுத்த பூதம். 14ஆம் அத்தியாயத்தையும் 16ஆம் அத்தியாயத்தையும் இடம் மாற்றி வைத்தாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது என்றால், அந்த இரண்டில் ஒன்று தேவையில்லை. வேகமாக ஓடுவதுபோலத் தோன்றும் கதை நின்ற இடத்திலேயே நிற்கிறது என்பதை இந்தத் தாள் காட்டிக்கொடுக்கும்.

அதே தாளில் தற்செயல்களையும் குறித்துக்கொள்ளுங்கள். தற்செயலாக ஒருவர் சிக்கலில் மாட்டலாம். பிள்ளைகள் அதைப் பொறுத்துக்கொள்வார்கள். தற்செயலாகத் தப்பினால் பொறுக்கமாட்டார்கள். அத்தியாய முடிவுகளையும் தனியே பாருங்கள். கதவு திறக்கிறது, நிழல் விழுகிறது, அத்தியாயம் முடிகிறது; அடுத்த பக்கத்தில் வந்தது பூனை. இதை ஒரு நாவலில் ஒருமுறை செய்யலாம். மூன்றாம் தடவை செய்கிற எழுத்தாளர் வாசகரை ஏமாற்றுகிறார்.

வேகத்துக்கு உண்மையான விலை ஒன்று உண்டு; இதை நடுவர்கள் கவனிப்பது குறைவு. இருபதாம் அத்தியாயத்தில் ஒரு தோழி சாகிறாள். இருபத்தோராம் அத்தியாயத்தில் மற்ற எல்லோரும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். எவரும் அழவில்லை, சாப்பிட மறுக்கவில்லை, அவளுடைய பையை யார் தூக்குவது என்று தயங்கவில்லை. பிள்ளைக்கு அந்தச் சாவு ஒரு செய்தியாகக் கடந்துபோகிறது. சரிசெய்ய ஓர் அத்தியாயம் வேண்டாம், ஒரு பக்கம் போதும். அந்த ஒரு பக்கத்தை எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பலாம். "கதை மிக வேகம்" என்று பொதுவாக எழுதி அனுப்பினால், எழுத்தாளர் தேவையில்லாத வருணனைகளை இருபது பக்கம் கூட்டிக்கொண்டு வந்து நிற்பார்.

அடுத்தது மாயத்தின் விதிகள். எங்கள் காலடியிலேயே கிடக்கிற ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்குகிற மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதந்தபடி நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. மேலே அந்த ஓர் அடி குறைந்தால், காலப்போக்கில் கீழே உவர் 40 அடி ஏறிவரும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். இராமர் அம்பெய்து உண்டாக்கிய கிணறு என்ற கதையும் அதற்கு உண்டு.

இதை ஒரு நாவலின் மந்திரமாக நினைத்துப் பாருங்கள். மேலே ஒரு பங்கு அள்ளினால் கீழேயிருந்து நாற்பது பங்கு வேண்டாத ஒன்று ஏறிவரும். விதி எளிது, தரம் 7 பிள்ளைக்கும் விளங்கும். நாயகி மூன்றாம் தடவை அள்ளும்போதே வாசிக்கிற பிள்ளை கணக்குப் போடத் தொடங்கிவிடும். பதற்றம் அங்கேதான் பிறக்கிறது. இதற்கு மாறாக, எதிரி வாளை ஓங்கும் நேரத்தில் நாயகிக்குள் உறங்கிக் கிடந்த சக்தி விழித்தெழுகிறது என்று எழுதினால், முன்னே நடந்த இருநூறு பக்கமும் வீண். அந்தச் சக்தி முதலாம் பக்கத்திலேயே விழித்திருக்கலாமே!

சோதிக்கும் முறை இதுதான். மாயம் பயன்படுகிற ஒவ்வோர் இடத்தையும் குறியுங்கள்: யார் பயன்படுத்தினார், என்ன கிடைத்தது, என்ன விலை கொடுத்தார், அந்த விதி முதன்முதலில் எந்தப் பக்கத்தில் வந்தது. கதாபாத்திரங்களைக் காப்பாற்றுகிற விதி அதற்கு முன்பே குறைந்தது இரண்டு தடவை வாசகர் கண்ணில் பட்டிருக்கவேண்டும். அதில் ஒரு தடவை அது சரிவராமல் போயிருந்தால் இன்னும் நல்லது. 200ஆம் பக்கத்தில் விதியைச் சொல்லி 205ஆம் பக்கத்தில் தப்புகிற நாவலைத் திருப்பி அனுப்புங்கள். விதியை 60ஆம் பக்கத்துக்கு நகர்த்தினாலே பல நாவல்கள் பிழைத்துக்கொள்ளும். விலை என்ன என்று குறிக்கிற இடம் வெறுமையாக இருந்தால் நகர்த்தியும் பயனில்லை.

இனிப் பன்முகத்தன்மை. நாங்கள் அதிகம் சொல்ல விரும்புவது இதைப் பற்றித்தான், ஏனென்றால் எங்கள் மண்ணில் இதற்குத் தனிக் கனம் உண்டு.

மேலே சொன்ன கிணற்று மந்திரத்தையே தொடர்வோம். யார் எந்தக் கிணற்றில் அள்ளலாம் என்று சாதி தீர்மானித்த ஊர்கள் இங்கே இருந்தன. 1968இல் மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராடவேண்டியிருந்தது. அந்த வரலாறு மந்திரத்துக்குள் வந்தால் என்ன நடக்கும்? அள்ளும் உரிமை உள்ளவன் கணக்கில்லாமல் அள்ளுவான். உவர் முதலில் ஏறுவது, தடுக்கப்பட்டவளின் பள்ளக்காணிக் கிணற்றில். விதியின் விலை யார் தலையில் விழுகிறது என்பதே கதை ஆகிவிடுகிறது. வேற்றுமை வேண்டாம், ஒற்றுமையாய் இருப்போம் என்று எந்தப் பாத்திரமும் ஒரு வரி பேசவேண்டியதில்லை. பன்முகத்தன்மையை நாவலில் எங்கே தேடவேண்டும் என்று எங்களைக் கேட்டால், பாத்திரங்களின் பெயர்ப் பட்டியலில் அல்ல, இந்த இடத்தில்தான் என்போம்.

பெயர்ப் பட்டியல் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு வழமையான ஆறு பேர் கூட்டத்தையே பாருங்கள். ஒரு சைவப் பையன் தலைவன். ஒரு கத்தோலிக்கப் பெண், ஒரு முஸ்லிம் நண்பன், மலையகத்திலிருந்து வந்த ஒருத்தி, ஒரு கால் இழந்த ஒருவன், கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சாள். முஸ்லிம் நண்பனின் பங்களிப்பு பெருநாளன்று வட்டிலப்பம் கொண்டுவருவது. மலையகப் பெண் தலைவனுக்குக் கோபம் வரவேண்டும் என்பதற்காகக் கதையின் மூன்றில் இரண்டாம் பங்கில் சாகிறாள். கால் இழந்தவனுக்குக் கடைசியில் மந்திரம் கால் கொடுக்கிறது. இந்த மூன்றும் இளையோர் மிகுபுனைவில் எங்கும் காணப்படும் கோளாறுகள்.

சோதிப்பதற்கு, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நேரே அவர் எடுத்த முடிவுகளை எழுதுங்கள். அவர் சொன்ன வசனங்கள் கணக்கில் வராது. கதையின் திசையை மாற்றிய முடிவு மட்டுமே கணக்கு. தலைவனுக்குப் பதினொன்று, மற்ற ஐவருக்கும் சேர்த்து மூன்று என்று வந்தால் அது ஒருவனுடைய கதை, மற்றவர்கள் அலங்காரம். அப்படியான நாவலை ஆறிலிருந்து மூன்று பேராகக் குறைக்கச் சொல்லுங்கள். 240 பக்க நாவலில் ஆறு பேரின் பார்வையில் மாறிமாறிக் கதை சொன்னால் ஒருவருக்கு 40 பக்கம். அதில் ஓட்டமும் சண்டையும் போக மனிதருக்கு மிஞ்சுவது பத்துப் பக்கம். இரண்டு பார்வை, மிஞ்சிப்போனால் மூன்று, போதும்.

துரோகி யார் என்பதையும் பாருங்கள். விறுவிறுப்பான கதைக்குக் கூட்டத்துக்குள் ஒரு துரோகி தேவைப்படுவதுண்டு, அதில் தவறில்லை. ஆனால் ஒரு சமூகத்திலிருந்து ஒரே ஒருவரை வைத்து அவரையே துரோகியாக்கினால், பிள்ளை அந்தச் சமூகத்தையே துரோகியாக வாசிக்கும். இதற்குப் பயந்து அவரைக் குற்றமே இல்லாத புனிதராக்கினால் கதை செத்துவிடும். தீர்வு எளிது: அந்தச் சமூகத்திலிருந்து இருவரை வையுங்கள், அண்ணன் தங்கையாகவோ, பேத்தியும் உம்மம்மாவுமாகவோ. ஒருவர் பிழை விட, மற்றவர் அவரோடு சண்டை பிடிக்க இடம் கிடைக்கும்.

உம்மம்மா என்றதும் ஒன்று சொல்லவேண்டும். 1990 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சில மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். அவர்கள் வாழ்ந்த சோனகதெருவும் ஐந்துசந்தியும் வெறுமையாகின. யாழ்ப்பாண நகரத்தைக் களமாக வைத்துவிட்டு, முஸ்லிம் நண்பன் எப்போதும் பக்கத்து வீட்டிலேயே இருந்ததுபோல எழுதுகிற நாவல் தன் களத்தை அறியாத நாவல். அதற்காக எல்லா நாவலும் 1990ஐ விரித்துரைக்கவேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. திரும்பி வந்த குடும்பத்தின் பேத்திக்கு ஊரின் ஒழுங்கைகள் தெரியாது, புத்தளத்தில் வளர்ந்தவள். உம்மம்மாவுக்கு ஒவ்வொரு மதிலும் நினைவிருக்கிறது. மறைந்துபோன ஒரு வாசலைத் தேடுகிற கதையில் அந்த உம்மம்மாதான் வரைபடம். வரலாறு இப்படி ஒரு வேலையோடு உள்ளே வரட்டும். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளைக்கும் இதே விதி.

உடற்குறைபாடுள்ள பாத்திரங்களில் பிழைகள் பெரும்பாலும் நுட்பப் பிழைகள், ஆகவே திருத்துவதும் எளிது. முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால் போட்டவர் இரவில் அதைக் கழற்றிவைத்துத்தான் படுப்பார். நள்ளிரவில் எதிரி வந்தால் முதல் சில விநாடிகள் அந்தக் காலுக்குப் போகும். வெயிலில் நெடுந்தூரம் நடந்தால் வியர்த்து, தண்டு (எஞ்சியுள்ள கால்பகுதி) உரசிப் புண்ணாகும். நாள் முழுக்கத் தண்டின் பருமன் மாறுவதால் உள்ளே போடுகிற உறையைக் கூட்டிக் குறைக்கவேண்டி வரும். இவை தெரிந்த எழுத்தாளருக்குத் துரத்தல் காட்சி இன்னும் நன்றாக வரும். யாழ்ப்பாணத்திலேயே ஜெய்ப்பூர் கால் பொருத்தும் நிலையம் இருக்கிறது. கேட்டு அறிய வழியுண்டு. காதுகேளாத பிள்ளை இருட்டுச் சுரங்கத்துக்குள் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி சைகையில் உரையாடுவதாக எழுதக்கூடாது. கையும் வெளிச்சமும் இல்லாமல் வழமையான சைகை இல்லை. இந்தத் தடையிலிருந்தே ஒரு நல்ல காட்சி பிறக்கலாம்.

ஒரு சமூகத்தைப் பற்றி வெளியிலிருந்து எழுதியிருந்தால், அந்தச் சமூகத்தவர் இருவருக்கு இரண்டாம் வரைவை வாசிக்கக் கொடுக்கச் சொல்லுங்கள், கூலியோடு. பக்கம் அமைத்த பிறகு கொடுப்பது வீண்வேலை. அந்த நிலையில் ஒரு பந்தியைக் கூட்டினால் பின்னால் வரும் பக்கங்கள் எல்லாம் தள்ளும். புத்தகம் 16 பக்கப் படிவங்களாக அச்சாவதால் இரண்டு பக்கம் மிஞ்சினாலும் செலவு ஏறும். அதைக் காரணம் காட்டி எவரும் திருத்தமாட்டார்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லாயிருக்கு" என்ற மறுமொழிதான் வரும். "எந்த இடத்தில் இது எங்கள் வீடு இல்லை என்று பட்டது?" என்று கேட்கவேண்டும்.

மொழியைப் பற்றிச் சுருக்கமாக. வீட்டில் "ஓம்", "வாங்கோ", "என்ன செய்யிறாய்" என்று கதைக்கிற பெடியள் நாவலுக்குள் போனதும் சென்னைப் படத்து நண்பர்கள்போல் பேசுகிறார்கள். மாய உலகத்து அரசரோ மேடை நாடகத் தமிழில் முழங்குகிறார். கதைசொல்லலை எளிய எழுத்துத் தமிழில் வைத்து, உரையாடலைப் பேச்சில் வைத்தால் போதும். யார் எந்த ஊர் என்பதை வினைமுடிவும் உறவுமுறைச் சொல்லும் காட்டிவிடும்: வாப்பா, ராத்தா, நானா என்று ஒரு வீட்டில், அப்பா, அக்கா, அண்ணை என்று அடுத்த வீட்டில். எழுத்தைச் சிதைத்து வட்டாரத்தைக் காட்டவேண்டாம், பன்னிரண்டு வயதுப் பிள்ளை தடுக்கி விழும். கயல், கவி, கனி என்று மூன்று பேர் ஓடினால் யார் விழுந்தார், யார் தூக்கினார் என்று தெரியாது. பெயர்களின் முதலெழுத்தை வேறுபடுத்தச் சொல்லுங்கள்.

பதிப்பாளருக்குத் தனியாக ஒன்று. "மீதி இரண்டாம் பாகத்தில்" என்று முடிகிற முதற்பாகத்தை ஏற்கவேண்டாம். எங்கள் சந்தையில் சில நூறு பிரதிகள் விற்றுத் தீரவே நெடுநாள் எடுக்கும். இரண்டாம் பாகம் வருமென்று எவராலும் உறுதி சொல்லமுடியாது. பெரிய போர் மிஞ்சட்டும். முதல் அத்தியாயத்தில் எழுப்பிய கேள்விக்கு மட்டும் அதே புத்தகத்தில் விடை கிடைக்கவேண்டும்.

பொறுப்பாசிரியர்களுக்கு: தமிழ் இலக்கியம் என்று எல்லாவற்றையும் 894.811 என்ற நூலகப் பகுப்பு எண்ணின் கீழே ஒரே தட்டில் அடுக்கினால், இந்த நாவல் ஆய்வு நூலுக்கும் கவிதைத் தொகுப்புக்கும் நடுவே மறைந்துவிடும். எண்ணை மாற்றவேண்டாம். முதுகில் ஒரு நிற ஒட்டுப் போட்டு, தரம் 8 தொடக்கம் 11 வரையான பிள்ளைகளின் கை எட்டுகிற உயரத்தில் தனித்தட்டு ஒன்று வையுங்கள். வாங்குவதற்கு முன், அந்த வயதுப் பிள்ளைகள் மூவரிடம் ஒரு பிரதியையும் பென்சிலையும் கொடுத்து, வாசிப்பை நிறுத்திய பக்கத்தில் எல்லாம் சிறு புள்ளி போடச் சொல்லுங்கள். மூவரின் புள்ளிகளும் கூடுகிற இடத்தை உங்கள் முப்பது வரித் தாளோடு ஒத்துப் பாருங்கள்.

நடுவர்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். புள்ளித்திட்டத்தில் படிப்பினைக்கென்று ஒரு நிரல் இருந்தால், அந்தப் புள்ளிகளைக் கதைப்பின்னலுக்கும் மாயவிதிக்கும் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். பரிசு பெறாத படிகளைத் திருப்பி அனுப்பும்போது முப்பது வரித் தாளின் ஒரு படியையும், வட்டமிட்ட "பிறகு"களோடு, உள்ளே வைத்து அனுப்புங்கள். அடுத்த வரைவை எங்கே தொடங்குவது என்று எழுதியவருக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
இளையோர் நூல்களை வாசித்துச் செப்பனிடும் சிலர்
யாழ்ப்பாணம்